குளவி மரத்தடியில் ஊதாத விசில்

வழிகாட்டிகளாகப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக்கொடுங்கள் என்று கம்பனியில் கேட்டார்கள். பக்கத்தில் நின்ற என் கூட்டாளி சுனில் சிரித்தான். "அண்ணே எழுதினா அதுங்க எல்லாம் சைக்கிளைப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடிரும்" என்றான். ஓடுகிறவர்கள் இப்போதே ஓடுவது நல்லது என்று சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். அதை மறைத்து எனக்குப் பழக்கமில்லை. கஹவத்தைப் பக்கத்துத் தேயிலை மலைகளிலும் ரப்பர் காட்டிலும் வாவிக் கரையிலும் வருஷக்கணக்காக ஆட்களை மலைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். முழங்கால் இனி முடியாது என்று சொல்லும்வரை போனேன். அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட பயப்படாமல் நான் சைக்கிளில் ஏறியதில்லை. மழை பெய்தால் மண் சரியுமோ என்று பயம். மழை பெய்யாவிட்டால் காய்ந்த ரப்பர் இலை டயரை வழுக்கிவிடுமோ என்று பயம். என் மனைவி இதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

சங்கிலி மாட்டுவது, பிரேக் இறுக்குவது, டயருக்கு எவ்வளவு காற்று என்பதெல்லாம் சொல்லித்தர இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். வீடியோவும் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் எல்லோரும் முன்னால் போகத்தான் ஆசைப்படுகிறீர்கள், பார்த்தேன். முன்னால் போகிறவனுக்குத்தான் படம் எடுப்பார்கள், கை தட்டுவார்கள். நானோ பெரும்பாலும் கடைசியாகப் போனவன். கடைசியாகப் போகிறவனுக்குப் பாதை தெரிவதைவிட முதுகுகள்தான் அதிகமாகத் தெரியும். யார் தோள் தொங்குகிறது, யார் பிரேக்கிலிருந்து விரலை எடுக்கவே இல்லை, யார் தண்ணீர் குடிக்க மறந்துவிட்டார் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். பயந்தவனுக்கு ஏற்ற வேலை அதுதான்.

கடைசி ஆளின் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். இன்றைக்கும் அந்த வழக்கம் இருக்கிறது. விசில் கேட்டால் எல்லோரும் அந்தந்த இடத்திலேயே பிரேக் பிடித்து நிற்க வேண்டும். கிளம்புமுன் இதை வாடிக்கையாளர்களுக்கு இரண்டு தடவை சொல்லி, ஒரு தடவை ஊதியும் காட்டுவோம். ஏன் என்று கேட்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, நின்றுவிட வேண்டும். நல்ல வழக்கம்தான். பல பேருடைய கையையும் காலையும் அது காப்பாற்றியிருக்கிறது. அதை நான் ஊதாமல் விட்ட ஒரு காலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அன்றைக்கு நான்கு பேர் வந்திருந்தார்கள். ஷாமினி என்று ஒரு பெண், கொழும்பில் நர்ஸ். அவருடைய தம்பி. தம்பியின் சிநேகிதர்கள் இரண்டு பேர். மூன்று வாலிபர்களும் நன்றாக ஓட்டினார்கள், அதைவிட நன்றாகப் பேசினார்கள். ஷாமினி அளவாகப் பேசுகிறவர். இரவு வேலை முடித்துவிட்டு நேரே கிளம்பி வந்ததாகச் சொன்னார். நான் உடனே கவலைப்பட ஆரம்பித்தேன். அதைக் கவனித்துவிட்டு, "நான் தூங்கமாட்டேன் அண்ணே, என்னைப் பாத்துக்கிட்டே இருக்காதீங்க" என்றார். பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் வேலை என்று சொன்னேன்.

சுனில் முன்னால். அவனுக்குப் பின்னால் மூன்று வாலிபர்கள், அப்புறம் ஷாமினி, கடைசியாக நான். தேயிலை மலையிலிருந்து இறங்குகிற பாதை காட்டு ஓரமாக ஒரு வளைவு வளைந்து, ரப்பர் மரங்களுக்குள் புகுந்து, வாவிக் கரையில் போய் முடியும். முந்தின நாள் மழை விட்டிருந்தது. மண் இறுகி, டயர் கடிக்கிற பதத்தில் இருந்தது. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் வேலையை முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு பால் நிறுக்கிற இடத்துக்குப் போய்விட்ட நேரம். ரப்பர் காட்டில் ஆள் நடமாட்டம் இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கேயாவது குளவிக்கூடு கண்ணில் பட்டால், அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பச்சைக்கிளை ஒன்றை ஒடித்துப் பாதைக்குக் குறுக்கே போட்டுவிடுவார்கள். வெட்டுப்பட்ட அடிப்பக்கம் கூடு இருக்கும் திசையைப் பார்த்திருக்கும். யாரும் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. மலையில் நடந்து திரிந்த எல்லோருக்கும் தெரியும். கிளையைக் கண்டால் பேச்சை நிறுத்தி, சுற்றிக்கொண்டு போவார்கள். குளவி கொட்டிச் செத்தவர்களை எங்களுக்கெல்லாம் பெயர் சொல்லித் தெரியும். அதனால் அந்தக் கிளையை யாரும் விளையாட்டுக்குக்கூடத் தொடமாட்டார்கள்.

எங்கள் தொழிலிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. முன்னால் போகிறவன் பாதையில் கிடக்கும் கிளையைக் காலால் தள்ளிவிட்டுப் போக வேண்டும். சக்கரக் கம்பியில் ஒரு குச்சி மாட்டினால் ஆள் தலைகீழாகப் போய்விடுவார். சுனில் இதில் கெட்டிக்காரன். வேகத்தைக் குறைக்காமலேயே இடது காலை நீட்டி ஒரு தட்டுத் தட்டுவான், கிளை பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் போய் விழும்.

அன்றைக்கும் அதைத்தான் செய்தான். சுனிலுடைய அம்மா அதே மலையில் கொழுந்து எடுத்தவர். எத்தனை கிளை அவர் கையால் அப்படிக் குறுக்கே விழுந்திருக்கும்! சுனில் நடந்து வந்திருந்தால் அதைத் தாண்டி ஓர் அடி வைத்திருக்கமாட்டான். ஆனால் சைக்கிளில் இருந்தான். சைக்கிளில் இருக்கிறவனுக்குப் பாதையில் கிடப்பதெல்லாம் குப்பை. இதை அவனைக் குறை சொல்ல எழுதவில்லை, அவனிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். சைக்கிளில் ஏறினால் உங்களுக்குள் இருக்கும் தோட்டத்துப் பிள்ளை இறங்கிவிடுகிறது. அதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வந்தபோது கிளை கானோரமாகக் கிடந்தது. இலை வாடவில்லை. அடிப்பக்கம் தானாக முறிந்ததில்லை, சீவி ஒடித்தது. பார்த்தவுடன் என்னவென்று தெரிந்துவிட்டது. தலையைத் தூக்கினேன். கீழே வளைவில், பாதைக்கு மேலே சாய்ந்திருந்த ஒரு மரத்தில் கூடு இருந்தது. ஒரு பெரிய பானை அளவு. சுனில் அதைத் தாண்டிவிட்டான். அவனுக்குப் பின்னால் போன ஷாமினியின் தம்பியும் தாண்டிவிட்டார். மற்ற இரண்டு பேரும் அதற்கு நேர் கீழே போய்க்கொண்டிருந்தார்கள். ஷாமினி வளைவை நெருங்கிக்கொண்டிருந்தார்.

கை தானாக விசிலுக்குப் போய்விட்டது. வாயிலும் வைத்துவிட்டேன்.

ஊதினால் என்ன நடக்கும்? சொல்லிக்கொடுத்தபடியே எல்லோரும் நிற்பார்கள். இரண்டு பேர் கூட்டுக்கு அடியில் நிற்பார்கள். பிரேக் கிரீச்சிடும், "என்ன, என்ன" என்று கத்துவார்கள், கூடு கலையும். ஊதாவிட்டால் மீதி நாலு பேருடைய சக்கரம் அதன் கீழே கடகடத்துக்கொண்டு போகும். குளவி கலையலாம், கலையாமலும் போகலாம். ஷாமினியை மட்டும் நிறுத்த வழியில்லையா? விசிலுக்கு ஆள் பார்த்து ஊதத் தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்ப்பார். அந்த வளைவில் திரும்பிப் பார்த்தால் கீழே விழுவார்.

இவ்வளவையும் உட்கார்ந்து யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். எழுதும்போதுதான் இது வரிசையாக வருகிறது. அப்போது இருந்தது வாயில் விசில், கண்ணில் கூடு, அவ்வளவுதான். நான் ஊதவில்லை. மூச்சைக்கூட விடாமல் விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

வாலிபர்கள் மூன்று பேரும் ஒன்றும் தெரியாமலே கடந்துவிட்டார்கள். ஷாமினியும் மரத்தை ஒட்டித் தாண்டிக்கொண்டிருந்தார். மாதாவே, தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அவருடைய முன்சக்கரம் ஒரு வேரில் ஏறிச் சறுக்கியது. சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். சைக்கிள் போய் மரத்தின் அடியில் மோதியது.

அப்புறம் கேட்ட சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டாம். முதலில் அது சத்தம் மாதிரியே இருக்காது. காது அடைத்துக்கொண்டது போல இருக்கும்.

"ஓடுங்க மிஸ்! கீழ ஓடுங்க!" என்று கத்தினேன். அவர் ஓடினார். நான் சட்டையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். காதில், கழுத்தில், புறங்கையில் கொட்டியது. முன்னால் ஓடிய ஷாமினியைச் சுற்றி ஒரு கறுப்பு மூட்டமே போனது. பாதையோடு ஓடியிருந்தால் சுனில் இருந்த இடத்துக்குப் போயிருப்பார், அங்கே எங்களை ஏற்றிப்போக வாகனம் நின்றது. அவர் பாதையை விட்டு ரப்பர் மரங்களுக்கிடையே நேராக இறங்கினார். எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீரைப் பார்த்துவிட்டார்.

யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். குளவி துரத்தினால் தண்ணீரில் குதி என்று சின்ன வயதிலிருந்து படத்தில் பார்த்து வருகிறோம். ஆனால் குளவி கலைந்து போவதில்லை. மேலே நின்று காத்திருக்கும். தலை வெளியே வரும்போதெல்லாம் கொட்டும். எங்கள் வாவியோ கரையிலேயே இடுப்புவரை சேறு, அதற்கப்புறம் சட்டென்று ஆழம். தாமரைக் கொடி வேறு. ஷாமினி சப்பாத்து, முழங்கால் பட்டி, ஹெல்மட் எல்லாவற்றோடும் குதித்துவிட்டார்.

நீச்சல் அவருக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. எனக்கு அதுவும் தெரியாது. வாவிக் கரையிலேயே வளர்ந்தும் தெரியாது. சிரிக்காதீர்கள், பயந்தவனை யார் தண்ணீரில் இறக்கிப் பழக்க முடியும்?

அவர் முங்கினார், மேலே வந்தார், கையால் முகத்தை அடித்துக்கொண்டார், மறுபடி முங்கினார். ஒவ்வொரு தடவையும் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளியே மேலே வந்தார். மேலே வருகிற நேரமும் குறைந்துகொண்டே போனது.

சத்தம் கேட்டு சுனில் கரையோடு ஓடி வந்தான். பின்னால் ஷாமினியின் தம்பி. கிட்டே வராதே என்று கையைக் காட்டிவிட்டுப் பக்கத்து ரப்பர் மரங்களுக்கு ஓடினேன். பால் வெட்டுகிற கீறலில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து, பால் பிடிக்க மரத்தில் கட்டியிருந்த சிரட்டைகளில் அடைத்தேன். ஈரமானாலும் அது பற்றிக்கொள்ளும். எங்கள் லயத்து வீடுகளில் மழைநாளில் அடுப்பு மூட்டுவதே அதை வைத்துத்தான். புகை கறுப்பாக, மூக்கு எரிகிற மாதிரி வரும். வாட்ச்சர் பார்த்தால் தோட்டத்து ஒட்டுப்பாலைத் திருடுகிறேன் என்று பிடித்திருப்பான். மனைவிக்குத் தெரியாமல் பீடிக்காக வைத்திருந்த லைட்டர் சட்டைப்பையில் இருந்தது. இரண்டு தடவை கீழே போட்டு எடுத்துப் பற்றவைத்தேன். புகை குளவியை விரட்டுமா என்று நிச்சயமாகத் தெரியாது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

புகை எழுந்தது. ஆனால் காற்று வாவியிலிருந்து கரைக்கு அடித்தது. புகை முழுக்க எங்கள் பக்கமே வந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு இழைகூடப் போகவில்லை. என் பக்கத்தில் ஒரு குளவி இல்லை, அவருடைய தலைக்கு மேலே மூட்டமாக நின்றது. அவர்தான் புகைக்குள் வர வேண்டும். அதற்குத் தலையைத் தூக்கி, கொட்டுகிறதைப் பொறுத்துக்கொண்டு, சேற்றில் கால் வைத்து நடந்து வர வேண்டும்.

சுனில் என் பக்கத்தில் புகைக்குள் வந்து நின்றான். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஆபத்து நேரத்தில் குரலை உயர்த்தாதே, அமைதியாகப் பேசு. அவன் அழகாகச் செய்தான். "மிஸ், ஒண்ணுமில்ல. பயப்படாதீங்க. மெல்ல இந்தப் பக்கம் வாங்க. ஒண்ணும் ஆகாது."

அவருக்குக் கேட்டது. முகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். பிறகு மறுபக்கம் திரும்பி இன்னும் உள்ளே போனார்.

"ஒண்ணுமில்ல மிஸ், நாங்க இருக்கோம்" என்றான் சுனில், அதே குரலில். தலை முங்கியது. முன்னைவிட நேரம் எடுத்தது.

எனக்குள் என்னவோ அறுந்து போனது. கரைச் சேற்றில் முழங்கால்வரை இறங்கிவிட்டேன். அழுகை வந்துவிட்டது. கத்த ஆரம்பித்தேன். என்ன கத்தினேன் என்று எனக்கு முழுதாக ஞாபகமில்லை, சுனில் பின்னால் சொன்னான். "எனக்கு நீந்தத் தெரியாதும்மா! நான் வந்தா ரெண்டு பேரும் போயிருவோம்! எனக்குப் பயமா இருக்கு! வாம்மா, புகைக்குள்ள வா! கொட்டும், நல்லாக் கொட்டும், ஆனா வந்துரு! வா சனியனே, வா!"

வாடிக்கையாளரைச் சனியனே என்று கூப்பிட்ட ஒரே வழிகாட்டி நான்தான் என்று நினைக்கிறேன். சுனில் "அண்ணே, எபா! எபா!" என்று என் தோளைப் பிடித்து இழுத்தான். சிங்களத்தில், வேண்டாம், அப்படிப் பேசாதே என்கிறான்.

ஷாமினி வந்தார். தலையைத் தூக்கி, வாயைத் திறந்து அலறிக்கொண்டே வந்தார். கொடியில் கால் மாட்டி ஒரு தடவை விழுந்தார். எழுந்து சேற்றை அளைந்துகொண்டு வந்தார். கை எட்டியதும் சுனிலும் நானும் இழுத்துப் புகைக்குள் போட்டோம். ஹெல்மட்டைக் கழற்றியபோது அதற்குள்ளிருந்தும் குளவி விழுந்தது. அவருடைய தம்பி முழங்காலில் உட்கார்ந்து அவருடைய தலைமுடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். நான் இருமிக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே இருமினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவருடைய மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். குளவி கொட்டினால் வீக்கம் பயமில்லை, தொண்டை அடைப்பதுதான் பயம். மருந்து ஏற்றினார்கள். சாயந்தரம்வரை பார்க்க வேண்டும், இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டொக்டர்.

வெளியே வாங்குப் பலகையில் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"விசில் உங்க வாயில இருந்திச்சு. நான் வளைவுல திரும்பினப்பப் பாத்தேன். ஏன் ஊதல?"

நான் சொன்னேன். ஊதியிருந்தால் உங்கள் சிநேகிதர்கள் கூட்டுக்கு அடியில் நின்றிருப்பார்கள் என்றேன்.

"அக்கா நின்னுருப்பா. வளைவுக்கு இந்தப் பக்கமே நின்னுருப்பா. விழுந்திருக்கமாட்டா."

"ஆமா. நின்னுருப்பாங்க."

"அப்ப நீங்கதான் முடிவு பண்ணினீங்க, இல்லையா? ரெண்டு பேருக்குப் பதிலா ஒருத்தின்னு."

அப்படி நான் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் அது அப்படித்தான் முடிந்திருந்தது. இன்றைக்கு அதே இடத்தில் நின்றாலும் நான் ஊதமாட்டேன். இன்றைக்கும் அந்தத் தம்பியின் கேள்விக்குப் பதில் தெரியாது. இரண்டும் உண்மைதான். இந்தத் தொழிலில் சரியாகச் செய்துவிட்டும் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டி வரும், அதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

சுனில் தூரத்தில் சுவரோடு சாய்ந்து நின்றான். கிளையைத் தட்டிவிட்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருந்தது. "அம்மாகிட்ட எப்படிச் சொல்றது அண்ணே?" என்று மட்டும் கேட்டான். இப்போது அவன் பச்சைக்கிளை கிடந்தால் இறங்கி, அடியைப் பார்த்து, மரத்தைப் பார்த்து, பிறகுதான் போகிறான். நேரம் ஆகிறது என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

சாயந்தரம் டொக்டர் வந்து, மூச்சு சீராகிவிட்டது, உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார். தம்பிதான் முதலில் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே எட்டிப் பார்த்து, "உங்களைக் கேக்குறா" என்றார்.

ஷாமினியின் முகம் அடையாளமே தெரியவில்லை. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. நான் வந்ததைச் சத்தத்தில் கண்டுபிடித்தார் போல. சனியனே என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். உதடு வீங்கியிருந்ததால் மெல்ல மெல்லப் பேசினார்.

"சுனில் என்னா சொன்னாரு, ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணுமில்ல, பயப்படாதீங்கன்னு சொன்னான் மிஸ்."

"நாங்களும் வார்ட்டுல அப்படித்தான் அண்ணே சொல்லுவோம். பொழைக்கிறவங்களுக்கும் அதே குரல்தான், பொழைக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சவங்களுக்கும் அதே குரல்தான். நேத்து ராத்திரிகூட ஒரு அம்மாவுக்குச் சொன்னேன். விடியிறதுக்குள்ள போயிட்டாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சுனில் அந்தக் குரல்ல சொன்னதும், சரி, நம்ம கதை முடிஞ்சிச்சு, அதான் இவ்வளவு அன்பாப் பேசுறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் நீங்க அழுதுக்கிட்டுத் திட்டினீங்க பாருங்க. சாகப்போறவங்களை யாரும் அப்படித் திட்டமாட்டாங்க. அதான் வந்தேன்."